பருத்தி விதைக்கும் முன் தாளில் போட வேண்டிய கணக்கு

2022 ஜூனில் எங்கள் பகுதி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி குவிண்டால் 12,000 ரூபாயைத் தாண்டியது. ஏலச்சீட்டை வாங்கி, நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தவர்களை அன்று பார்த்தேன். மறு ஆண்டு ஊரே பருத்தி போட்டது. உளுந்து தெளிக்கும் வயலிலும் பருத்தி, குத்தகைக்குப் பிடித்த வயலிலும் பருத்தி. நானும் மூன்று ஏக்கரை ஏழாக்கினேன். 2023 ஜூனில் அதே கூடத்தில் விலை ஆறாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் இடையில் நின்றது. மழை கெடுக்கவில்லை, பூச்சியும் அதிகமில்லை, காய் நன்றாகவே வெடித்திருந்தது. விலை மட்டும் பாதியாகிவிட்டது.

அந்தப் பாதி எங்கே போனது என்று தேடியபோதுதான் நியூயார்க் சந்தை, டாலர், இறக்குமதி வரி எல்லாம் எனக்குப் பழக்கமாயின. டெல்டாவில் நெல் அறுத்த வயலில் முதல் முறையாகப் பருத்தி போட நினைப்பவர்களுக்கும், வேலையை விட்டு ஊர் திரும்பி நிலத்தைக் கையில் எடுத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விதை, நீர், மருந்து பற்றிச் சொல்ல வேளாண் அலுவலர்கள் இருக்கிறார்கள். விலையைப் பற்றி விதைக்கும் முன் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

முதலில், நம் பருத்தி யாரோடு போட்டி போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மிடம் ஏலம் எடுக்கும் வியாபாரி பருத்தியை அரவைக்கு அனுப்புகிறார். கொட்டை தனியாக, பஞ்சு தனியாகப் பிரிகிறது. பஞ்சு நூற்பாலைக்குப் போகிறது. நாட்டின் நூற்பாலைகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆனால் அவற்றுக்குத் தேவைப்படும் பஞ்சில் சிறு பகுதிதான் இங்கே விளைகிறது. மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியிலும், பிரேசில், அமெரிக்கா, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலிலும் வருகிறது. ஆலைக்காரர் தினமும் இரண்டு விலையை ஒப்பிடுகிறார்: உள்நாட்டுப் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் பஞ்சைவிட மலிவா, விலை கூடவா? அந்த ஒப்பீட்டின் முடிவுதான் நம் ஊர் ஏலத்துக்கு வந்து சேர்கிறது.

அதனால் "இந்த வருஷம் நம்ம பக்கம் விளைச்சல் குறைவு, விலை ஏறும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். உள்ளூர்க் காய்கறிக்கு அது சரி. பருத்திக்கு நம் மாவட்டத்து விளைச்சல் விலையை அசைக்கப் போதாது.

இரண்டு கணக்குகள்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். பேனாவும் தாளும் போதும்.

பஞ்சின் உலக விலை நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று சொல்லப்படுகிறது. இந்த சென்ட் நில அளவு இல்லை, அமெரிக்கக் காசு. நூறு சென்ட் ஒரு டாலர். நம் நாட்டில் பஞ்சு விலையைக் கண்டிக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கண்டி 356 கிலோ, ஏறத்தாழ 784 பவுண்டு. எனவே நியூயார்க் சென்ட்டை 7.84 ஆல் பெருக்கினால் ஒரு கண்டியின் டாலர் விலை கிடைக்கும். அதை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கினால் ரூபாய் விலை.

உதாரணத்துக்கு நியூயார்க் விலை 66 சென்ட், டாலர் 87 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 66 × 7.84 = 517 டாலர். அதை 87 ஆல் பெருக்கினால் கண்டிக்குச் சுமார் 45,000 ரூபாய். கப்பல் கூலி, காப்பீடு, தரத்துக்கான கூடுதல் விலை சேர்ந்தால் இன்னும் சில ஆயிரம் ஏறும். இறக்குமதி வரி இருந்தால் அதுவும் மேலே.

இரண்டாவது கணக்கு, பஞ்சு விலையிலிருந்து நம் பருத்தி விலைக்கு வருவது. நூறு கிலோ பருத்தியை அரைத்தால் சுமாராக 34 கிலோ பஞ்சு, 64 கிலோ கொட்டை, மிச்சம் கழிவு. உள்நாட்டில் பஞ்சு கண்டி 55,000 ரூபாய் என்றால் கிலோ 154 ரூபாய் 50 காசு. 34 கிலோவுக்கு 5,253 ரூபாய். கொட்டை கிலோ 33 ரூபாய் என்றால் 2,112 ரூபாய். ஆகமொத்தம் 7,365. இதில் அரவைக் கூலி, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம் என்று 450 ரூபாய் கழித்தால் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 6,900 ரூபாய். அந்த நிலவரத்தில் சுத்தமான, காய்ந்த பருத்திக்கு ஏலத்தில் எதிர்பார்க்கக்கூடிய விலை இதுதான். ஐயாயிரத்துக்குக் கேட்கிறார்கள் என்றால் எங்கோ தவறு இருக்கிறது: நம் பருத்தியின் ஈரத்திலோ, ஏலத்துக்கு வந்த வியாபாரிகளின் எண்ணிக்கையிலோ.

இந்தக் கணக்கை இரண்டு மூன்று முறை போட்டுப் பழகினால் சில சுருக்கங்கள் மனதில் நிற்கும். பஞ்சு விலை கண்டிக்கு 1,000 ரூபாய் இறங்கினால் நமக்குக் குவிண்டாலுக்குச் சுமார் 95 ரூபாய் குறைகிறது. நியூயார்க்கில் ஒரு சென்ட் ஏறினாலோ இறங்கினாலோ 65 ரூபாய் மாறும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் நமக்கு ஏறத்தாழ 50 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். இவை அன்றன்றே ஏலத்தில் தெரிந்துவிடாது. சில வாரங்கள் தள்ளித் தெரியும், சில சமயம் பாதிதான் தெரியும். ஆனால் போகும் திசையைப் பிடிக்க இது போதும்.

கொட்டையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மேலே உள்ள கணக்கில் நம் வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் கொட்டையிலிருந்துதான் வருகிறது. அதை மாட்டுத் தீவனமாக வாங்குகிறார்கள், எண்ணெய்க்கும் ஆட்டுகிறார்கள். எண்ணெய் விலையோ இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயிலோடு கட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் இந்தியா கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மீதான அடிப்படை இறக்குமதி வரியைச் சுழியத்திலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. 2025 மே கடைசியில் 10 ஆகக் குறைத்தது. பருத்தி என்ற சொல்லே வராத அந்த அறிவிப்புகளும் நம் கொட்டை விலையைத் தொடுபவை.

2022இல் நடந்தது என்ன

ஒரு வீழ்ச்சியை முழுதாகப் புரிந்துகொண்டால் அடுத்தது வரும்போது அடையாளம் தெரியும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொரோனா முடக்கம் தளர்ந்ததும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துணிக்கடைகள் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்தன. கப்பலில் இடம் கிடைக்கவில்லை, பெட்டகங்கள் கிடைக்கவில்லை. சரக்கு எப்போது வருமோ என்ற பயத்தில் கடைகள் தேவைக்கு மேலேயே கேட்டன. இந்தியாவில் விளைச்சல் குறைவு. அமெரிக்காவில் பருத்தி அதிகம் விளையும் டெக்சாஸில் வறட்சி. 2022 மே மாதம் நியூயார்க் விலை 150 சென்ட்டைத் தாண்டியது. இங்கே கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நாங்கள் பார்த்த 12,000 அதிலிருந்து வந்ததுதான்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. விலைவாசியை அடக்க அமெரிக்க மைய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியது. கிட்டத்தட்டச் சுழியத்தில் இருந்த வட்டி, 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடன், அட்டைக் கடன் தவணைகள் ஏறின. அங்கே ஒரு குடும்பம் பணத்தை இழுத்துப் பிடிக்கும்போது முதலில் தள்ளிப்போடுவது புதுத் துணியைத்தான். கடைகளிலோ அதிகமாகக் கேட்டு வாங்கிய சரக்கு மலையாகக் கிடந்தது. புது ஆர்டர் நின்றது. திருப்பூரில் தறியும் தையலும் மெதுவாயின, நூல் தேங்கியது, ஆலைகள் பஞ்சு வாங்குவதைக் குறைத்தன. அக்டோபர் கடைசியில் நியூயார்க் விலை 80 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

நாங்கள் விதைத்தது அதற்குப் பிறகு, 2023 பிப்ரவரியில். விலை விழுந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பார்க்கத் தெரிந்திருந்தால் அது கண்ணெதிரே இருந்தது. எங்கள் கையில் இருந்ததோ போன ஜூன் மாத ஏலச்சீட்டு மட்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதாக இருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: போன வருஷ விலையைப் பார்த்து விதைக்காதீர்கள். பிப்ரவரியில் விதைப்பவர், நியூயார்க் சந்தையில் ஜூலை மாத ஒப்பந்தம் என்ன விலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் விற்கப்போகும் காலத்துக்குச் சந்தை இன்று சொல்லும் விலை அது. இணையத்தில் சில நிமிடத் தாமதத்தோடு இலவசமாகவே தெரியும். அதுவும் மாறும்தான். ஆனால் பழைய சீட்டைவிட மேல்.

வரி என்னும் கதவு

2021 பிப்ரவரியில் இந்தியா பஞ்சு இறக்குமதிக்கு 11 விழுக்காடு வரி போட்டது. அது உள்ளூர் விவசாயிக்கு ஒரு வேலி. இந்த வேலி எப்போது வேண்டுமானாலும் திறக்கப்படும் என்பதைப் புதியவர்கள் தெரிந்திருக்க வேண்டும். விலை உச்சத்தில் இருந்த 2022 ஏப்ரலில் திறந்தார்கள். அக்டோபர் கடைசி வரை வரி இல்லை. 2025 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது போட்ட கூடுதல் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடானது. திருப்பூர் பின்னலாடைக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தை. ஆடை ஏற்றுமதியாளர்கள் தாக்குப்பிடிக்க, மூலப்பொருளாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்று மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதி வரியை நீக்கியது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆடை மீது அங்கே போட்ட வரியின் ஒரு பகுதி, இங்கே பருத்திச் செடியின் கணக்கில் இப்படி வந்து விழுந்தது. எவ்வளவு என்று நம் கணக்கிலேயே பார்க்கலாம். 45,000 ரூபாய்க்கு 11 விழுக்காடு என்றால் 4,950. கிலோ பஞ்சுக்குச் சுமார் 14 ரூபாய். நம் பருத்திக்குக் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 470 ரூபாய். ஆலையில் வேலை செய்பவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்கள் வேலை நிலைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த 470 ரூபாயை ஈடுகட்ட ஏதாவது ஓர் ஏற்பாடு விவசாயிக்கு அதோடு கூடவே வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சேலம், தருமபுரிப் பக்கம் டிசிஎச் என்னும் மிக நீண்ட இழை ரகம் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 32 மில்லிமீட்டருக்கு மேல் இழை நீளமுள்ள பஞ்சுக்கு 2024 பிப்ரவரியிலேயே வரி நீக்கப்பட்டுவிட்டது. எகிப்து, அமெரிக்காவின் மிக நீண்ட இழைப் பஞ்சோடு நீங்கள் நேருக்கு நேர் நிற்கிறீர்கள்.

மற்ற காற்றுகள்

வேறு சிலவற்றையும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கச்சா எண்ணெய் விழுந்தால் பாலியஸ்டர் மலிவாகும். ஆலைகள் கலப்பு நூலுக்கு மாறும், பஞ்சின் தேவை குறையும். உலகத்தில் பயன்படும் இழைகளில் பருத்தி இன்று நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் இது சின்ன அழுத்தம் இல்லை. பிரேசிலில் சோயா அறுத்த நிலத்தில் ஜனவரியில் பருத்தி விதைத்து, ஜூன் வாக்கில் அறுவடை தொடங்குகிறார்கள். 2023–24 பருவத்தில் அமெரிக்காவை முந்தி அவர்கள்தான் உலகின் முதல் ஏற்றுமதியாளர். நம் கோடைப் பருத்தி ஏலத்துக்கு வரும் அதே வாரங்களில் அவர்களுடைய புது அறுவடைச் செய்தியும் வரும்.

பெரிய நாடுகளின் சண்டை இரண்டு பக்கமும் வெட்டும். 2018இல் சீனா அமெரிக்கப் பஞ்சுக்கு 25 விழுக்காடு வரி போட்டபோது பிரேசிலுக்கு வாசல் திறந்தது. 2021இல் சீனாவின் சின்ஜியாங் பருத்தியில் செய்த பொருள்களை அமெரிக்கா தடுத்தபோது மற்ற நாடுகளின் ஆடைத் தொழிலுக்கு வாய்ப்பு வந்தது. யாருக்கு லாபம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. செய்தியில் பருத்தி, ஆடை, வரி என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள்.

டாலர் ஏறினால் நல்லதுதானே என்று தோன்றும். பருத்தி விலைக்கு நல்லது. செலவுக்கு அப்படி இல்லை. நாம் போடும் பொட்டாஷ் உரம் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறது, டிஏபியிலும் பெரும்பகுதி இறக்குமதிதான். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய் என்று மானியம் நம்மைக் காக்கிறது. பொட்டாஷுக்கும் கூட்டு உரங்களுக்கும் அந்த அளவுக்குக் காப்பு இல்லை. உக்ரைன் போர் ஆண்டில் பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் விற்றது நினைவிருக்கலாம். மண் பரிசோதனை செய்து தேவையான அளவுக்கு மட்டும் போடுவது இந்த உலகக் காற்றிலிருந்து தப்பிக்க மலிவான வழி.

எத்தனை ஏக்கர் போடலாம்

ஏக்கருக்கு உழவு முதல் பறிகூலி வரை 40,000 ரூபாய் செலவாகும் என்று வையுங்கள். உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எட்டுக் குவிண்டால் விளைந்து 6,900க்குப் போனால் 55,200. கையில் 15,200 நிற்கும். அதே எட்டுக் குவிண்டால் 5,500க்குப் போனால் 4,000தான் மிஞ்சும். ஜூன் மழையில் காய் கெட்டு ஆறு குவிண்டாலாகி, விலையும் 5,500 என்றால் 7,000 ரூபாய் நட்டம்.

கடைசி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைக்காமல், பள்ளிக் கட்டணத்தில் கை வைக்காமல் இந்த 7,000ஐ எத்தனை ஏக்கருக்குத் தாங்க முடியும்? இரண்டு என்றால் இரண்டு ஏக்கர் போடுங்கள். மீதியில் உளுந்தோ பயறோ போகட்டும். நான் 2023இல் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஏழு ஏக்கர் போட்டிருக்க மாட்டேன்.

பயிர்க் காப்பீடு கட்டாயம் செய்யுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பருத்தி போன்ற வணிகப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு வரை. உங்கள் மாவட்டத்தில் எந்தப் பருவத்துப் பருத்திக்கு அறிவிப்பு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஆனால் அது விளைச்சல் இழப்புக்குத்தான். நன்றாக விளைந்து விலை விழுந்தால் காப்பீட்டில் ஒரு பைசா வராது.

விலைக்குக் காப்பு என்று இருப்பது குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025–26 பருவத்துக்கு நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். இந்த விலை இந்தியப் பருத்திக் கழகம் வந்து கொள்முதல் செய்யும் இடத்தில்தான் உண்மையாகிறது. கழகத்தின் பெரிய கொள்முதல் அக்டோபருக்குப் பிறகு, வடக்கே வரத்து கூடும் காலத்தில். கோடைப் பருத்திக்கு நம் கூடத்துக்கு வருவார்களா என்பதை மே மாதமே விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். வந்தால் 8 விழுக்காடு ஈரம்தான் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பிடித்தம், 12ஐத் தாண்டினால் வாங்க மாட்டார்கள்.

முன்பேரச் சந்தையில், அதாவது பின்னால் வரும் மாதத்துக்கு இன்றே விலை பேசும் சந்தையில், பருத்தியை விற்று விலையைப் பூட்டலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அங்கே ஒரு ஒப்பந்தமே 48 கண்டிப் பஞ்சு. அவ்வளவு பஞ்சுக்கு ஐந்நூறு குவிண்டால் பருத்தி வேண்டும். புதியவர்கள் அந்தச் சந்தையின் விலையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடனும் விற்கும் நாளும்

விதை, மருந்து வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள். வட்டி குறைவாகத் தெரியும், அல்லது வட்டியே இல்லை என்பார்கள். ஆனால் பறித்த அன்றே அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டியிருக்கும். மேலே பார்த்த கணக்கெல்லாம் அந்த இடத்தில் வீணாகிவிடும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. அலைச்சல் இருக்கும், பரவாயில்லை, அலையுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்க வேண்டாம். பருத்தி எப்படியும் மூன்று நான்கு பறியாகத்தான் வருகிறது. முதல் பறியை விற்றுக் கூலிக் கடனை முடியுங்கள். இரண்டாம் பறியின்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏல விலை உங்கள் கணக்குக்கு நானூறு ஐந்நூறு கீழே இருந்தால், கூடத்துக் கிடங்கில் வைத்து மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். உங்கள் கூடத்தில் பருத்திக்குத் தருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நியூயார்க் விலை வாரக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்தால் வைத்திருப்பதில் பொருளில்லை, விற்றுவிடுங்கள். வீட்டில் குவித்து வைப்பது ஆபத்து. மழையில் ஈரம் ஏறும், வெயிலில் காய்ந்து எடை குறையும், எரிந்துபோக ஒரு பீடி நெருப்பு போதும்.

ஏலம் மறைமுக ஏலமாக, அதாவது ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுக்கும் ஏலமாக, நடக்கும் கூடமா, எத்தனை வியாபாரிகள் வருகிறார்கள் என்று போன பருவத்து ஆட்களிடம் விசாரியுங்கள். திருவாரூர், குடவாசல், வலங்கைமான், செம்பனார்கோயில், பாபநாசம் என்று அருகருகே கூடங்கள் இருக்கின்றன. வெவ்வேறு கிழமைகளில் ஏலம். வெளியூர் ஆலைக்காரர்கள் வரும் கூடத்துக்கு இருபது கிலோமீட்டர் கூடுதலாக வண்டி வைத்துப் போவது பெரும்பாலும் பலன் தரும்.

தரத்தைப் பற்றி நான்கு வரி. காலை பத்து, பதினொரு மணிக்குள் பறியுங்கள். பனி ஈரம் இருக்கும்போது காய்ந்த இலைச்சருகு பஞ்சில் ஒட்டாது. பறித்ததை நிழலில் உலர்த்துங்கள். கறை பட்டதையும் புழு அரித்ததையும் தனியாகக் கட்டுங்கள், நல்லதோடு கலந்தால் மொத்தமும் கொட்டுப் பருத்தி என்னும் மட்டப் பருத்தி விலைக்குப் போகும். உரச் சாக்கில் அடைக்காதீர்கள். அதன் இழை ஒன்று பஞ்சில் கலந்தாலும் துணியில் சாயம் பிடிக்காமல் கோடாகத் தெரியும், ஆலைக்காரர் அந்த ஊர்ப் பருத்தியையே ஒதுக்குவார். பழைய பருத்தி வேட்டி, சேலைகளைத் தைத்து மூட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வரி: தேதி, நியூயார்க் சென்ட், டாலர், உள்நாட்டுக் கண்டி விலை, கொட்டை விலை, பக்கத்துக் கூடத்தின் ஏல விலை. விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பு, டிசம்பரிலேயே தொடங்கினால் பிப்ரவரியில் எட்டு ஒன்பது வரிகள் கையில் இருக்கும். அதற்குப் பிறகு விதைக் கடைக்குப் போங்கள்.